முதல்முறை வாலட் போடுகிறேன்: போன் ஆப் போதுமா, கருவி வாங்கணுமா?

மல்லிகைக்கணக்கு எழுதியது:

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, டேலி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

போன தை மாதம் முகூர்த்த சீசனில் மல்லிகை விலை எகிறிய நேரத்தில் முதலாளி கொஞ்சம் கூடுதலாகக் கையில் கொடுத்தார். அதில் ஆரம்பித்து மாதம் 2,000 ரூபாய்க்கு, காயின் வாங்கி விற்கிற ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் பிட்காயின் வாங்கி வருகிறேன். 13 மாதம் ஆயிற்று. போட்டது 26,000. இன்றைக்கு அது எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை, கண் பட்டுவிடும்.

பிரச்சினை என் மச்சானால் வந்தது. "எக்ஸ்சேஞ்சில் கிடப்பது அடுத்தவன் பீரோவில் வைத்த நகை மாதிரி. வாலட்டுக்கு மாற்று" என்று ஒரு மாதமாகப் பிடுங்கி எடுக்கிறான். 2024 ஜூலையில் நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலேயே சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போய், போட்டவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்க முடியாமல் தவித்த கதையைச் சொல்லிச் சொல்லியே தூக்கத்தைக் கெடுத்துவிட்டான். எந்த வாலட் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. "பார்த்துப் போடு" என்கிறான்.

என் போன் மூன்று வருடத்து ஆண்ட்ராய்டு. கடையில் காலை மூன்று மணியிலிருந்து பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், போனும் பாதி நேரம் ஈரம்தான். போன் செத்துப் போனால் காசும் போய்விடுமா? அதற்குத்தான் தனிக் கருவி என்று ஒன்று விற்கிறார்களாமே, அதை வாங்கணுமா? அப்புறம் ஏதோ 12 சொல் தருவார்களாம், தாளில் எழுதி வைக்க வேண்டுமாம். எங்கள் வீடு வில்லாபுரத்தில் மாடி வாடகை வீடு. ஐப்பசி பிறந்தால் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் ஓதம். ரேஷன் கார்டையே பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். தாளை எங்கே வைப்பது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மற்றவர்கள் திட்டினாலும் பரவாயில்லை, நான் சொல்வதைக் கேளுங்கள். 26,000 ரூபாய்க்கு வாலட்டெல்லாம் வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலேயே கிடக்கட்டும். அங்கே பாஸ்வேர்டை மறந்தால் ஓடிபி வரும், ஆதாரைக் காட்டிக் கேட்கலாம். சொந்த வாலட்டில் மறந்தால் கேட்க ஒரு ஆள் கிடையாது. திருட்டுக்குப் பயந்து எடுத்தவர்களைவிட, எடுத்த பிறகு தானே தொலைத்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். ஒரு லட்சம் தாண்டட்டும், பார்க்கலாம்.

சர்வீஸ்டேபிள் எழுதியது:

வைகைக்கரை சொல்வதில் பாதி நியாயம். ஆனால் பழகுவதற்கு 26,000-தான் சரியான நேரம். ஒரு லட்சம் சேர்ந்த பிறகு கை நடுங்கும், அப்போது பழக முடியாது.

நான் டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முதலில் உங்கள் பயத்தைத் தீர்க்கிறேன் அண்ணே. வாலட்டுக்குள் காயின் இருக்காது. பர்ஸ் என்று பெயர் வைத்தவன் செய்த குழப்பம் இது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். உங்கள் வரவு ஒரு பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பேரேட்டை உலகம் முழுக்கப் பல ஆயிரம் கம்ப்யூட்டர்கள் 2009-லிருந்து ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருக்கின்றன. வாலட்டில் இருப்பது, உங்கள் பக்கத்திலிருந்து பற்று எழுதுவதற்கான கையெழுத்து மட்டும். அந்தக் கையெழுத்தை எங்கேயும் திரும்ப உருவாக்குகிற விதைதான் அந்த 12 சொல். சில ஆப்கள் 24 தரும். 2,048 ஆங்கிலச் சொற்கள் உள்ள ஒரு நிலையான பட்டியலிலிருந்து அவை வரும்.

ஆகவே போன் தண்ணீரில் விழுந்தால் காசு போகாது. சொல் போனால்தான் போகும்.

போன வருடம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கண்மாயில் போன் விழுந்து போர்டில் ஷார்ட். நான் ஐசி மாற்றி, இரண்டு நாள் மல்லுக்கட்டினேன், எழும்பவில்லை. "போனால் போகட்டும் தம்பி, அந்த 12 சொல் இருக்கிறதா?" என்றேன். "இருக்குண்ணே, நோட்ஸ் ஆப்பில் டைப் பண்ணி வைத்திருக்கிறேன்" என்றான். எந்த நோட்ஸ்? அதே போனில் இருக்கிற நோட்ஸ். பீரோ சாவியைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டிய கதை. எவ்வளவு போயிற்று என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்வீஸ் சார்ஜ் வாங்க மனசு வரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்காதீர்கள். கேலரியில் கிடக்கும் படங்களைப் படித்து இந்தச் சொற்களைத் தேடுகிற திருட்டு ஆப்கள் 2025-ல் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஸ்டோரிலுமே மாட்டின. அவ்வளவு தூரம் போக வேண்டாம், என் கடைக்கே வாருங்கள். போனைச் சர்வீசுக்குக் கொடுக்கும்போது பேட்டர்னையும் ஸ்லிப்பில் வரைந்து கொடுத்துவிட்டுப் போவீர்கள். என் மேசையில் தினமும் பத்து போன் திறந்து கிடக்கும். நான் கேலரிப் பக்கம் போவதில்லை. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

சரி, எந்த ஆப். நீங்கள் பிட்காயின் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள், நல்லது. புளூவாலட் போதும். பிட்காயினுக்கென்றே செய்தது, மூல நிரல் திறந்தது, அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், அடையாள ஆவணம் எதுவும் கேட்காது. எலக்ட்ரம் 2011-லிருந்து இருக்கிறது, நம்பலாம், ஆனால் அதன் சொல்முறை தனி ரகம், பெரும்பாலான மற்ற ஆப்களில் திறக்காது. புதிதாக வருகிறவர் அதில் போய்க் குழம்ப வேண்டாம். மெட்டாமாஸ்க் எத்தீரியம் என்ற வேறு காயின் வகைக்காகப் பிறந்தது, உங்களுக்கு இப்போது வேலை இல்லை. கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கும், போலி ஆப்பாகவும் இருக்கும். வாலட்டின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்கிருந்து ஸ்டோருக்குப் போங்கள்.

தனிக் கருவி என்றால் டிரெசார், லெட்ஜர் மாதிரி. டிரெசார் பிராக் நகரத்துச் சரக்கு, 2014-ல் முதலில் வந்தது. லெட்ஜர் பிரான்ஸ். கையெழுத்து அந்தக் கருவிக்குள்ளேயே நடக்கும், போனில் வைரஸ் இருந்தாலும் கையெழுத்துப் போடுகிற சாவி வெளியே வராது. நல்ல பொருள்தான். ஆனால் பல ஆயிரம் ரூபாய். 26,000 ரூபாய் நகைக்கு இரும்புப் பெட்டகம் வாங்குகிற மாதிரி. பின்னால் வாங்கினால் கம்பெனியிடமே புதிதாக வாங்குங்கள். பாதி விலைக்குப் பழசு என்று வருவதைத் தொடாதீர்கள். சொற்களை முன்கூட்டியே அச்சடித்து டப்பாவுக்குள் வைத்து வந்தால் அது கருவி இல்லை, வலை.

இப்போது முக்கியமான விஷயம். எந்த ஆப் என்பதைவிட இதுதான் முக்கியம், இதை யாரும் செய்வதில்லை. காசு போடும் முன் வாலட்டை ஒரு தடவை கொன்று பிழைக்க வையுங்கள். ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.

ஆப்பைப் போட்டு வாலட் உருவாக்குங்கள். சொற்களை நோட்டில், வரிசை எண் போட்டு, பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். வாங்கும் முகவரி ஒன்று காட்டும், பிசி1 (bc1) என்று ஆரம்பிக்கும் நீளமான ஒன்று. முகவரிப் பட்டியலில் முதலாவதாக இருப்பதன் முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாலட்டை அழியுங்கள். ஆப்பையும் தூக்குங்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, திரும்ப ஆப்பைப் போட்டு, நோட்டைப் பார்த்துச் சொற்களை அடித்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் உங்கள் எழுத்து சரி. வராவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை, தப்பு எங்கே என்று இப்போதே தெரிந்துவிட்டது.

சில ஆப்கள் சோதனைக்கு 3-ஆவது சொல், 7-ஆவது சொல் என்று இரண்டு மூன்றை மட்டும் கேட்டுவிட்டு "சபாஷ்" என்று சொல்லிவிடும். அதை நம்பிப் படுத்துத் தூங்காதீர்கள். 12 சொல்லில் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பும் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் உள்ள வேறு சொல்லை மாற்றி அடித்தால் ஏறக்குறைய 16-ல் 15 தடவை ஆப்பே தவறு என்று பிடித்துவிடும். மீதி ஒரு தடவை வேறு ஏதோ ஒரு காலி வாலட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும்.

எக்ஸ்சேஞ்சில் இன்னொன்று பாருங்கள். சில இந்திய ஆப்கள் காயினை வெளியே அனுப்பவே விடாது. விட்டாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கட்டணமும், குறைந்தபட்ச அளவும் இருக்கும். முதலில் அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மீதி. இரண்டு கட்டணம் போகும், போகட்டும்.

எவர்சில்வர் எழுதியது:

சர்வீஸ் அண்ணன் எல்லாம் சொன்னார், ஓதத்துக்கு வழி சொல்லவில்லை.

எங்கள் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அந்த மிஷினைச் சின்ன வயதில் நானும் ஓட்டியிருக்கிறேன். பேனா மாதிரி இருக்கும், முனை குதித்துக்கொண்டே இருக்கும், டர்ர்ர் என்று சத்தம். அதே வேலையைச் செய்கிற கைக்கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி அடிப்பக்கத்தில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். ஓதம், கரையான், பேனா மை கலைவது, எந்தத் தொல்லையும் இல்லை. எவர்சில்வர் உருக 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், அடுப்படித் தீயெல்லாம் அதற்குத் தூசி.

முழுச் சொல்லும் வெட்ட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது, அப்படித்தான் தொகுத்திருக்கிறார்கள். நான்கு எழுத்து போதும். வரிசை எண்ணை மறக்காதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தட்டைப் பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டித் தரச் சொல்லாதீர்கள். தாளாக இருந்தால் லேமினேஷன் கடையில் கொடுக்காதீர்கள். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் என் நண்பன் ஒருவன் கொடுத்தான். ஜெராக்ஸ் ஒரு காப்பி சேர்த்து எடுத்துத் தரவா என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டாராம்.

அரசரடி_அக்கா எழுதியது:

எல்லாரும் தட்டு, போன், ஆப் என்று பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் வீட்டுக்காரிக்கு இந்தக் காசு இருப்பது தெரியுமா? கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லையே.

பேங்கில் நாமினி உண்டு. போஸ்ட் ஆபீஸில் உண்டு. எல்ஐசியில் உண்டு. இதில் கிடையாது. என் அண்ணன் 2021-ல் கொரோனாவில் போனார். "கொஞ்சம் காயின் வைத்திருக்கிறேன்" என்று அண்ணியிடம் எப்போதோ சொல்லியிருந்தார். எவ்வளவு, எதில், ஒன்றும் தெரியாது. அவர் போனை இன்றைக்கும் அண்ணி மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைக்கிறார். பேட்டர்ன் தெரியாது. திறந்தாலும் அதில் என்ன இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

தட்டு எங்கே இருக்கிறது என்பது ஒன்று, அது என்ன என்பது இரண்டு, யாருக்கும் சொல்லக்கூடாது, உதவி என்று எவன் வந்தாலும் காட்டக்கூடாது என்பது மூன்று. இந்த மூன்றையும் அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

மல்லிகைக்கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உண்மையைச் சொல்கிறேன், தெரியாது. சீட்டுப் பணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. நேற்று ராத்திரி இங்கேயே எனக்குத் தனிச்செய்தி வந்தது. "வாலட் உதவி மையம்" என்று பெயர், நீல டிக் எல்லாம் போட்டிருந்தது. வாலட்டை எக்ஸ்சேஞ்சுடன் ஒத்திசைக்க வேண்டுமாம், ஒரு லிங்கில் போய் 12 சொல்லையும் போடச் சொன்னார்கள். தமிழில் நல்ல மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். போடலாமா?

சர்வீஸ்டேபிள் எழுதியது:

போடாதீர்கள்! அந்த 12 சொல்லைக் கேட்கிற எவனும் திருடன். உதவி மையம், ஆப் கம்பெனி, போலீஸ், நானே வந்து கேட்டாலும் சரி. எந்த உண்மையான கஸ்டமர் கேரும் அந்தச் சொற்களைக் கேட்காது. வாலட்டை மீட்டெடுக்கும்போது உங்கள் ஆப்புக்குள் நீங்களே அடிக்கிறீர்களே, அந்த ஒரு இடம்தான். அந்தச் செய்தியைப் புகார் செய்துவிட்டு அழியுங்கள். எப்போதாவது ஏமாந்துவிட்டால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு உடனே அடியுங்கள். ஆனால் காயின் ஒரு தடவை போய்விட்டால் பேங்க் மாதிரி நிறுத்தி வைக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகவரியைக் காப்பி செய்து ஒட்டும்போதும் இரு முனையையும் பாருங்கள், நடுவில் நாலு எழுத்தையும் பாருங்கள். காப்பி செய்ததை மாற்றி ஒட்டுகிற வைரஸ் உண்டு. முன்னும் பின்னும் ஒத்துப்போகிற மாதிரி போலி முகவரி செய்து, பழைய வரவு செலவுப் பட்டியலிலிருந்து நீங்கள் அதை எடுப்பீர்கள் என்று காத்திருக்கிறவனும் உண்டு.

ஆடிட்டர்ஆபீஸ் எழுதியது:

வரிப் பக்கம் சுருக்கமாக. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை இல்லை, அதற்கு வரி இல்லை. விற்றால்தான். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்கும்போதே பிடிக்கிற வரி. உதாரணமாக 26,000-க்கு வாங்கியது 40,000-க்கு விற்றால் லாபம் 14,000, வரி 4,200, செஸ் 168. பிடித்த 400 ரூபாய் டிடிஎஸ்ஸைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவும் கழியாது, அனுப்பும் கட்டணம், கருவி விலை எதுவுமே. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் நேர் செய்யவும் முடியாது.

முக்கியமாக, மாற்றும் முன் எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மென்டை இறக்கி வையுங்கள். எந்த மாதம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று வாலட்டுக்குத் தெரியாது. நாளைக்கு அந்த எக்ஸ்சேஞ்சே மூடிவிட்டால் 13 மாதக் கணக்கை எங்கே போய்த் தேடுவீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

பார்த்தீர்களா, 26,000 ரூபாய்க்கு எவ்வளவு வேலை. நான் சொன்னதில் மாற்றமில்லை.

மல்லிகைக்கணக்கு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன், அன்றைக்கு உட்கார்ந்தோம்.

சர்வீஸ் அண்ணன் சொன்னபடி வாலட் போட்டேன், 12 சொல்லையும் பழைய பற்று வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், முகவரியைக் குறித்தேன், எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்கும்போது வயிற்றைக் கலக்கியது, உள்ளே ஒரு ரூபாய்கூட இல்லை, இருந்தாலும். திரும்ப அடித்தேன். ஏற்கவில்லை. மூன்று தடவை அடித்தேன், ஏற்கவில்லை. நம் கையெழுத்துதானே, 19 வருடமாகக் கணக்கு எழுதுகிற கை, தப்பு இருக்காது என்று ஆப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிதான் பக்கத்தில் வந்து பார்த்தாள். ஆறாவது சொல்லில் ஏஞ்சல் (angel) என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் அந்தப் பெயரில் டெய்லர் கடை இருக்கிறது, தினமும் பார்க்கிற எழுத்து, கை தானாக அதை எழுதிவிட்டது. ஆப் காட்டியது ஆங்கிள் (angle). கடைசி இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது. மாற்றி அடித்தேன், அதே முகவரி, எட்டு எழுத்தும் எட்டு எழுத்தும் ஒத்துப்போயிற்று. காசு போட்ட பிறகு இது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

அவளிடம் சொல்லியும் விட்டேன். சீட்டுப் பணம் இல்லை என்றதும் அரை நாள் பேசவில்லை. சாயங்காலம் "அந்தத் தட்டை நீ வெட்டாதே, உன் எழுத்து கோணல்" என்று அவளே வாங்கிக்கொண்டாள். கோலம் போடுகிற கை, நான்கு நான்கு எழுத்தாக அச்சு மாதிரி வெட்டியிருக்கிறாள். டர்ர்ர் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன வேலை என்று கேட்டார். பேர் வெட்டுகிறோம் என்றாள்.

குறைந்தபட்ச அளவை மட்டும் அனுப்பிப் பார்த்தாயிற்று. அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மீதி அடுத்த வாரம்.

சர்வீஸ்டேபிள் எழுதியது:

அண்ணே, நல்ல வேலை செய்தீர்கள். ஆனால் ஆறாவது சொல் என்ன என்று ஊருக்கே சொல்லிவிட்டீர்களே!

மல்லிகைக்கணக்கு எழுதியது:

அது பழகிய வாலட் அண்ணே. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, அதையும் இரண்டு தடவை கொன்று பிழைக்க வைத்துத்தான் தட்டில் வெட்டினோம். தட்டை எங்கே வைத்திருக்கிறோம் என்று இங்கே எழுதப் போனேன், பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள்.